உரக்கிடங்கு நடத்துவது எப்படி: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிக் கரையோரப் பேரூர் ஒன்றின் உரக்கிடங்கில் ஒன்பது வருடமாக மேற்பார்வை பார்க்கிறேன். நாளுக்கு இரண்டு டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக மக்கும் குப்பை வருகிறது. கவுன்சிலர்கள், மகளிர் குழுவினர், கல்யாண மண்டபக்காரர்கள், பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்று கிடங்கைப் பார்க்க வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன்.

1. உரக்கிடங்குன்னாலும் குப்பைக் கிடங்குன்னாலும் ஒண்ணுதானே அண்ணாச்சி?

இல்லை. குப்பைக் கிடங்கில் கொட்டியது கொட்டிய இடத்திலேயே கிடக்கும். உரக்கிடங்கில் இன்று வந்த குப்பை இரண்டு, இரண்டரை மாதத்தில் உரமாக வெளியே போயாக வேண்டும். அரசுக் கடிதங்களில் வார்டு அளவில் நடப்பதற்கு 'நுண் உர மையம்' என்று பெயர்.

உள்ளே போன எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் உரமாக மிஞ்சும் என்பது எங்கள் கணக்கு. மீதி நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். "ஒரு டன் கொடுத்தேன், இருநூறு கிலோதான் திரும்பி வருது" என்று யாராவது சண்டைக்கு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

2. இதுக்கு எந்தச் சட்டம்? யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான் அடிப்படை. 2000இல் ஒரு தொகுப்பு வந்தது, 2016இல் அதை மாற்றிப் புதியது வந்தது, 2026 ஏப்ரல் 1 முதல் அதற்கும் அடுத்தது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் கிடங்குகள் பெரும்பாலும் 2016 விதியின் அளவுகளைப் பார்த்துக் கட்டியவை. அதனால் தரை, வடிகால், உரத்தின் தரம் ஆகியவற்றுக்கு இங்கே நான் சொல்லும் அளவுகள் அந்த விதியில் உள்ளவை. புதிதாக விண்ணப்பம் போடுகிறவர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் இப்போதைய படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2016 விதியில் நாளுக்கு 5 டன்தான் எல்லைக்கோடாக இருந்தது. அதற்கு மேல் பதப்படுத்தினால் வாரியத்தின் அங்கீகாரம் கட்டாயமாக இருந்தது. அதற்குக் கீழே என்றால் உள்ளாட்சி அமைப்போடு முடிந்துவிட்டது. ஆனால் தரையும் வடிகாலும் சரியாக இருக்க வேண்டும் என்பது சின்னக் கிடங்குக்கும் பொருந்தும். "நம்மது ரெண்டு டன்தானே" என்று மண் தரையில் கொட்டுவதை எந்த விதியும் ஒத்துக்கொள்ளாது.

3. வீட்டுக் கொல்லையில உரக்குழி வெட்டுறதுக்கும் அனுமதி வேணுமா? கல்யாண மண்டபத்துக்கு?

வீட்டுக்கு வேண்டாம். தாராளமாக வெட்டுங்கள்.

மண்டபத்துக்குக் கணக்கு வேறு. எல்லாவகைக் குப்பையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 100 கிலோவைத் தாண்டுகிற இடத்தை விதி 'பெருமளவு கழிவு உருவாக்குவோர்' என்கிறது. 2026 விதியில் 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்ற இரண்டு அளவுகளும் சேர்ந்தன. மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள். மக்கும் குப்பையை முடிந்த மட்டும் தங்கள் வளாகத்திலேயே உரமாக்குவது அவர்கள் பொறுப்பு. முகூர்த்த நாளில் மட்டும் குப்பை பொங்கி வழிகிற மண்டபங்கள், எங்களுக்குச் சேதி சொல்லாமல் ராத்திரியில் எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது நடக்கிறது. தயவுசெய்து முதல் நாளே சொல்லுங்கள். இலைக்கு ஈடாகச் சேர்க்கச் சருகு தயாராக வைத்துக்கொள்வோம்.

4. என்னென்ன குப்பையை உள்ளே விடலாம்?

காய்கறிக் கழிவு, சமையல் மிச்சம், சாப்பிட்ட இலை, பூ, பழத்தோல், இளநீர் மட்டையை நறுக்கியது, சருகு, சாணம், வைக்கோல். இவ்வளவுதான். இந்தப் பட்டியலைவிட, வாசலில் அதைப் பார்த்து வாங்குகிற ஆள் முக்கியம். குப்பை வண்டி வந்ததும் நேரே குவியலில் சாய்க்க விடாதீர்கள். சிமென்ட் மேடையில் பரப்பி, கையுறை போட்ட இரண்டு பேர் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். குவியலுக்குள் போய்ச் சூடேறி நைந்துபோன பாலித்தீன் பையை அப்புறம் எந்தச் சல்லடையாலும் முழுக்க எடுக்க முடியாது. துண்டு துண்டாகி உரத்தோடு வயலுக்குப் போய்விடும்.

மண்டபத்து இலைக்கட்டுக்குள் தண்ணீர் பாட்டிலும் ஊறுகாய்ப் பொட்டலமும் காபி கப்பும் சுருட்டிக்கொண்டு வரும். காகிதக் கப் என்கிறார்கள், உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கோயில் மாலைகளில் வாழைநாரில் கட்டியது அப்படியே மக்கும். நைலான் நூலும் சரிகையும் சேர்ந்தது மக்காது. பூக்கட்டுகிற அக்காமாரிடம் நேரில் போய்ச் சொன்னோம், இப்போது எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து நார் மாலைதான் அதிகம் வருகிறது. சட்டம் போட்டு நடந்ததில்லை, கேட்டுக்கொண்டதால் நடந்தது.

பேட்டரி, குழல் விளக்கு, மருந்து, பூச்சிமருந்து டப்பா, உடைந்த தெர்மாமீட்டர் ஆகியவை ஒன்றுகூட வரக்கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. உரத்தில் பாதரசம் கிலோவுக்கு 0.15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றில் அரை கிராமாவது பாதரசம் இருக்கும். அது ஒன்று உடைந்து கலந்தால் மூன்று டன்னுக்கு மேல் உரம் அந்த அளவைத் தாண்டிவிடும்.

5. மீன் கழிவு, கோழிக்கடைக் கழிவு கொண்டு வந்தா வாங்குவீங்களா?

சமைத்த சாப்பாட்டோடு வரும் முள்ளும் எலும்பும் பரவாயில்லை. கடையிலிருந்து வாளி வாளியாக வரும் குடல், இறகு, செதில் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. உரமாகாது என்பதில்லை. திறந்த குவியலில் அதைப் போட்டால் அன்றைக்கே ஈ மொய்க்கும், நாய் தோண்டும், அதோடு பக்கத்துத் தெருவின் நம்பிக்கை போய்விடும். மூடிய கலனும் பழகிய ஆட்களும் இருக்கிற இடத்தில் தனியாகச் செய்யலாம்.

6. வெறும் காய்கறிக் கழிவை மட்டும் போட்டா கூழாயிடுது. என்ன சேர்க்கணும்?

காய்கறிக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். அதற்கு ஈடாகக் காய்ந்த, கரிச்சத்து (கார்பன்) மிகுந்த பொருள் வேண்டும். கலந்த பிறகு தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும். தழைச்சத்து கூடிப்போனால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், கரிச்சத்து கூடிப்போனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இந்த விஷயத்தில் நம் சீமைக்குக் குறையில்லை. பிசான நெல் அறுத்த பிறகு வைக்கோல், களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் வாழைச்சருகு, எங்கு பார்த்தாலும் வேப்பஞ்சருகு. எங்கள் கைக்கணக்கு, மூன்று கூடை ஈரக்குப்பைக்கு ஒரு கூடை சருகு. வாழைத்தண்டைச் சருகோடு சேர்த்து எண்ணாதீர்கள். பார்க்கத்தான் கட்டையாக இருக்கும், உள்ளே பெரும்பகுதி தண்ணீர். நறுக்கி இரண்டு நாள் வாட்டிவிட்டுச் சேருங்கள். தென்னை நார்க்கழிவில் கரிச்சத்து தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கும், மக்க ரொம்ப நாள் பிடிக்கும். ஈரம் உறிஞ்சக் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

7. ஒரு டன்னுக்கு எவ்வளவு இடம் வேணும்?

ஒரு டன் ஈரக்குப்பை சுமார் இரண்டு கன மீட்டர். தினம் ஒரு டன் வந்து 45 நாள் குவியலில் இருக்கிறது என்று வைத்தால் 90 கன மீட்டர். மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில், இருபுறமும் சரிந்து நிற்கும் நீளக் குவியலாகப் போட்டால் சுமார் 36 மீட்டர் நீளம் வரும். குவியல் உட்காரும் இடம் மட்டும் நூறு சதுர மீட்டருக்கு மேல். புரட்ட வழி, ஆறவைக்க இடம், சலிக்கிற மேடை, கிட்டங்கி எல்லாம் சேர்த்து எட்டு முதல் பத்து சென்ட் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். இடம் நெருக்கினால் குவியலை உயர்த்தத் தோன்றும். உயர்த்தினால் அடியில் காற்று நின்றுபோகும். எங்கள் கிடங்கில் நாற்றம் வந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கியது.

8. எங்க ஊரு கரிசல் மண்ணு. தண்ணியே இறங்காது. சிமென்ட் தரை எதுக்குச் செலவு?

மானூர்ப் பக்கத்து நண்பர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். 2016 விதி இரண்டு வழி தருகிறது. ஒன்று கான்கிரீட் தரை. இல்லையென்றால் 50 சென்டிமீட்டர் கனத்துக்கு இறுக்கிய களிமண் தரை. அந்தக் களிமண்ணில் தண்ணீர் இறங்கும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். இறுக்கிய கரிசல் ஈரமாக இருக்கும்போது அந்த அளவுக்குப் பக்கத்தில் வரலாம்.

ஆனால் பங்குனி, சித்திரையில் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். குவியலிலிருந்து வடிந்து அந்த வெடிப்பில் முதல் மழையில் இறங்கும் கசிவுநீர் நேரே கிணற்றுக்குப் போகும். செவ்வலிலும் தேரி மணலிலும் கேட்கவே வேண்டாம். ஆகவே நம் பக்கம் எந்த மண்ணாக இருந்தாலும் கான்கிரீட் தரைதான் சரி. தரைக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சரிவு வேண்டும், அதாவது பத்து மீட்டருக்குப் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் இறக்கம். சுற்றிலும் பூசிய வடிகால், அது போய்ச் சேர ஒரு தொட்டி. கொத்தனார் சரிவு வைத்துவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடாமல், ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எங்கே போகிறது என்று பாருங்கள்.

9. ஆத்துல இருந்து நூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கணுமாமே? எங்க இடம் எண்பது மீட்டர்ல இருக்கு.

ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் என்பது குப்பையை நிரந்தரமாகப் புதைக்கிற நிலநிரப்புத் தளத்துக்கான 2016 விதியின் அளவு. உரக்கிடங்குக்கு அதே எண் எழுதப்படவில்லை. ஐந்து டன்னைத் தாண்டினால் சுற்றிலும் கட்டடம் வராத இடைவெளி விட வேண்டும் என்று அதில் தனியாக இருந்தது.

விதியில் இல்லாவிட்டாலும், நான் எண்பது மீட்டரில் கட்ட மாட்டேன். நம் தாமிரபரணித் தண்ணீரைத்தான் தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள். வெள்ளம் எங்கே வரை ஏறியது என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலே இடம் பாருங்கள்.

10. குவியல்ல இருந்து வடியுற கறுப்புத் தண்ணிய வாய்க்கால்ல விட்டா பயிருக்கு நல்லதுதானே?

நல்லதில்லை, விடவும் கூடாது. அது கசிவுநீர். உரச்சத்து கொஞ்சம் இருக்கும், ஆனால் அழுகல் சரக்கும் உப்பும் கிருமியும் அதைவிட அதிகம். வாய்க்காலில் கலந்தால் தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைக் குடித்துவிடும், மீன் செத்து மிதக்கும். 'மண்புழு நீர்' என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றில்லை.

தொட்டியில் சேர்த்து, குவியலுக்கே தெளிக்க வேண்டும் என்பதுதான் விதி. வெயில் காலத்தில் நமக்கு அது வரமும்கூட, நல்ல தண்ணீர்ச் செலவு மிச்சம். ஒரு கட்டுப்பாடு உண்டு. சூடேறிக்கொண்டிருக்கும் புதுக் குவியலில் மட்டும் தெளியுங்கள். சூடு அடங்கி ஆறுகிற உரத்தில் தெளித்தால் செத்த கிருமியைத் திரும்ப ஏற்றியதுபோல் ஆகும்.

11. நாத்தம் தாங்கலைன்னு மனு கொடுக்கப் போறாங்க. என்ன செய்ய?

முதலில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று பாருங்கள். உள்ளேயே இருக்கிற நமக்கு மூக்கு பழகிவிடும். விதியும் காற்று போகிற பக்கத்தில், கிடங்கின் எல்லையில் நாற்றத்தைக் கண்காணிக்கச் சொல்கிறது.

நம் ஊரில் காற்று மாதத்துக்கு மாதம் தெளிவாக மாறும். ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க மேல்காற்று கணவாய் வழியே வந்து ஆளையே தள்ளும். அப்போது கிடங்குக்குக் கிழக்கே இருக்கிற தெரு பாதிக்கப்படும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று, தென்மேற்கே இருப்பவர்களுக்குக் கஷ்டம். இடம் தேர்ந்தெடுக்கும்போதே ஊருக்கு மேற்கே போடாதீர்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் ஆடி மாதத்தில் புரட்டும் நேரத்தை மாற்றுங்கள். நாங்கள் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் புரட்டி எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். குவியல் மேல் ஒரு சாண் கனத்துக்கு முதிர்ந்த உரத்தையே போர்வையாகப் போடுங்கள். நாற்றத்தை அது பிடித்துக்கொள்ளும், ஈயும் முட்டையிடாது.

நாற்றத்தின் வகையும் சேதி சொல்லும். அழுகின முட்டை வாடை என்றால் காற்றில்லை, ஈரம் அதிகம்: சருகு சேர்த்துப் புரட்டுங்கள். அம்மோனியா நெடி என்றால் 6ஆம் பதிலைப் பாருங்கள். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குவியல் காற்றுக்குத் தவிப்பது அப்படியே இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு வாடையாகச் சேர்ந்து வரும்.

12. எத்தனை டிகிரி சூடு வரணும்? எப்பப் புரட்டணும்?

குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நோய்க்கிருமியும் களை விதையும் சாவது அங்கேதான். திறந்த நீளக் குவியலில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டல் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் அளவு. நாங்களும் அதையே வைத்திருக்கிறோம். புரட்டுவதன் நோக்கம், வெளியே ஆறிக்கிடக்கும் சரக்கும் ஒருமுறையாவது நடுவே போய் வேக வேண்டும் என்பது. 65 டிகிரிக்கு மேல் போனால் நமக்கு வேண்டிய நுண்ணுயிரும் அடங்கிவிடும், உடனே புரட்டுங்கள்.

நீளக்கம்பி வைத்த வெப்பமானி வாங்கிவிடுங்கள், பெரிய செலவில்லை. அது வரும்வரை ஒரு இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடு என்றால் வேலை நடக்கிறது. ஈரத்துக்கு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

13. மழைக்காலத்துல மூடி வச்சிடலாமா? தார்ப்பாய் போதாதா?

மூட முடியாது, குப்பை தினமும் வரும். கூரைதான் வழி. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை 250 சதுர மீட்டர்க் கிடங்கில் விழுந்தால் 2 லட்சத்து 37 ஆயிரம் லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய இருபது லாரித் தண்ணீர். எந்தக் கசிவுநீர்த் தொட்டியும் அதைத் தாங்காது. அப்படிப்பட்ட மழை எப்போதாவதுதான் வரும் என்பது சரி. ஆனால் பத்து சென்டிமீட்டர் மழையே 25,000 லிட்டர். கூரைத் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியே விட்டுவிட்டால், தொட்டிக்குக் கசிவுநீர் மட்டும் போகும்.

தார்ப்பாய் அவசரத்துக்கு உதவும். மூன்று நாளுக்கு மேல் மூடிக்கிடந்தால் உள்ளே புழுங்கி அழுகத் தொடங்கும். வேலை முற்றிலும் நின்றுபோகிற நிலை வந்தால், விதிப்படி உள்ளே வாங்குவதை நிறுத்தி, அந்தக் குப்பை போக வேறு இடம் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த மாற்று இடத்தைப் புரட்டாசியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

14. உங்க கிடங்கால எங்க தென்னையில வண்டு ஏறுதுன்னு தோட்டக்காரர் சொல்றாரே?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். காண்டாமிருக வண்டு மக்கிய குப்பையில்தான் முட்டையிடும். விரல் தடிமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு அதனுடையது. சூடான குவியலில் அது பிழைக்காது. ஆறவைத்து, விற்காமல் மாதக்கணக்கில் குவித்து வைத்த உரத்தில்தான் வளரும்.

ஆகவே முதிர்ந்த உரத்தைத் தேக்காதீர்கள். சலிக்கும்போது புழுவைப் பொறுக்கி அழியுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலந்தால் அது புழுவைத் தாக்கும், வேளாண் துறையினரும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரை வரச்சொல்லி அவர் கண் முன்னாலேயே சலித்துக் காட்டினோம். இப்போது உரம் முதலில் வாங்குகிறவர் அவர்தான்.

15. மண்புழு விட்டா புரட்ட வேண்டாம்னு சொல்றாங்களே?

சூடு அடங்கும் முன் விட்டால் புழு செத்துவிடும், 35 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது. முதலில் 12ஆம் பதிலில் சொன்ன சூட்டு நாட்களை முடியுங்கள். அப்புறம் புழு விடுங்கள்.

16. 24 மணி நேரத்துல உரம்னு மெஷின் விக்கிறாங்க. வாங்கலாமா?

அந்த மெஷினில் குப்பை அரைபட்டுச் சூட்டில் காய்ந்து பொடியாக வரும். பார்க்க உரம் போலவே இருக்கும். ஒரு கைப்பிடியை நனைத்து மூடி வைத்துப் பாருங்கள், இரண்டு நாளில் சூடேறி நாறும். இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம். குப்பையின் எடையைக் குறைக்க உதவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வாங்கினாலும் வெளிவந்த பொடியைப் பல வாரம் ஆறவைக்க இடம் வேண்டும். கரண்ட் செலவையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

17. ஒரு லோடு இறக்கிக்கிட்டா இவ்வளவு ரூபாய்னு ஒருத்தர் பேசுறார். மக்கும் குப்பைதானாம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்ததும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அந்த மாநிலமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனதும் நமக்குத் தெரியும். மருத்துவக் கழிவு அதற்கென்று உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் 48 மணி நேரத்துக்குள். உரக்கிடங்கின் பெயரைச் சொல்லி அதை இறக்கிவிட்டுப் போனால் பதில் சொல்வது நீங்கள்.

எங்கிருந்து, என்ன, எத்தனை கிலோ, எந்த வண்டி என்று எழுதித் தராத லோடு எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. இங்கேயும் 4ஆம் பதில்தான். ராத்திரி லோடு வேண்டவே வேண்டாம். எங்கள் வாசல் மாலை ஐந்துக்கு மூடும்.

18. சலிச்சு மிஞ்சுற பிளாஸ்டிக்கை ஓரமா எரிச்சுட்டா என்ன?

கூடாது. திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரிலேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அபராதத்தை விடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் பணியாளரும் அடுத்த தெருக் குழந்தைகளும். மிஞ்சியதைத் தேங்கவிடாமல், பழைய பொருள் கடைக்குப் போகிறதை அங்கேயும், மற்றதை உள்ளாட்சி வழியாக எரிபொருளாகப் பயன்படுத்தும் இடத்துக்கும் அனுப்புங்கள். ஆடிக் காற்றில் காய்ந்த குவியல் தானாகவும் புகையும், தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

19. கையுறை, மாஸ்க் கொடுத்தா வேலை பாக்குறவங்களே போட மாட்டேங்கிறாங்க.

அளவு சரியில்லாத கனத்த கையுறையைக் கொடுத்தால் யாரும் போட மாட்டார்கள். நாங்கள் கிடங்கில் வேலை பார்க்கும் அக்காமாரையே கடைக்குக் கூட்டிப்போய் எடுக்கச் சொன்னோம், அதன் பிறகு பேச்சே இல்லை. சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகமூடி இத்தனையும் தருவது விதிப்படி கடமை. காய்ந்த குவியலைப் புரட்டும்போது பூஞ்சைத் தூள் புகை போல எழும், ஆஸ்துமா உள்ளவரை அந்த வேலையில் நிறுத்தாதீர்கள். டெட்டனஸ் ஊசியும், வேலை முடிந்து குளிக்க ஒரு மறைவிடமும் அவசியம். குளியலறை இல்லாத கிடங்கில் பெண்கள் அழுக்குச் சேலையோடு பஸ் ஏறுகிறார்கள். அது நம் எல்லாருக்கும் தலைகுனிவு.

20. உரம் ஆயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

புரட்டினாலும் சூடு ஏறக்கூடாது. மழை பெய்த மண்வாசனை வர வேண்டும். ஈரமான ஒரு பிடியைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள், திறந்தால் புளித்த வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. ஒரு தொட்டியில் உரமும் மண்ணும், இன்னொன்றில் மண் மட்டும் போட்டு வெந்தயம் விதைத்து முளைப்பை ஒப்பிடலாம். ஆகாத உரத்தை வயலில் போட்டால் பயிர் மஞ்சளடிக்கும், அந்த விவசாயி திரும்ப வரவே மாட்டார்.

21. பையில போட்டு எங்க பேர்ல விக்கலாமா?

உரம் என்று பெயர் போட்டு விற்பதானால் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிடும். மாவட்ட வேளாண் அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் அளவுகளில் முக்கியமானவை: ஈரம் நூற்றுக்கு 15 முதல் 25, பி.எச். 6.5 முதல் 7.5, கரிச்சத்து–தழைச்சத்து விகிதம் 20க்குள், நூற்றில் 90 பங்கு 4 மில்லிமீட்டர்ச் சல்லடையில் இறங்க வேண்டும், ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள், காட்மியம் 5க்குள்.

நம் பக்கம் பலர் தடுக்கி விழுவது உப்பில். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டக்கூடாது. விருந்துச் சாப்பாட்டு மிச்சம் அதிகமானாலும், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போல உவர்த் தண்ணீரைத் தெளித்தாலும் இது ஏறும். உலோக அளவு தாண்டிவிட்டால் அந்த உரம் உணவுப் பயிருக்குப் போகக்கூடாது.

22. பதிவேடு எல்லாம் எதுக்கு? யாரு பாக்கப் போறா?

வரவு, தள்ளியது, சூடு, புரட்டிய தேதி, விற்றது என ஐந்து பத்தி போதும். 2016 விதியில் கிடங்கு நடத்துபவர் ஏப்ரல் 30க்குள் உள்ளாட்சிக்கு ஆண்டறிக்கை தர வேண்டும் என்று இருந்தது, விபத்து நடந்தால் அதற்குத் தனிப் படிவமும் இருந்தது. எங்கள் மீது ஒரு புகார் வந்தபோது நாங்கள் நீட்டியது சூட்டுக் கணக்கு நோட்டைத்தான். விசாரிக்க வந்தவர் அதை அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

23. பழைய குப்பை மேட்டைச் சலிச்சா கறுப்பா மண் வருதே, அதையும் நம்ம உரத்தோட கலந்து வித்துடலாமா?

கலக்காதீர்கள். பத்து இருபது வருடம் பேட்டரியோடும் விளக்கோடும் சேர்ந்து கிடந்த மண் அது. கண்ணுக்குக் கருகருவென்று இருக்கும், உள்ளே என்ன உலோகம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தனியே குவித்து, தனியே ஆய்வுக்கு அனுப்பி, 21ஆம் பதிலில் உள்ள அளவுக்குள் வந்தால் பிறகு யோசிக்கலாம். வராவிட்டால் பள்ளம் நிரப்பவோ சாலையோர மரங்களுக்கோ போகட்டும். வாழைக்கும் நெல்லுக்கும் வேண்டாம்.